நாஸ்கார் இல்லாத மூன்று மாதங்கள்: புது ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாலைக் கார்களின் தோற்றத்தில் கட்டிய ஸ்டாக் கார்கள் ஓடும் அமெரிக்கப் பந்தயம் நாஸ்கார். நவம்பர் முதல் வாரத்தோடு அதன் சீசன் முடிந்துவிடும். அடுத்த சீசனைத் தொடங்கிவைக்கும் டேடோனா 500 ரேஸ் பிப்ரவரி நடுவில்தான். ஸ்டாக் கார் ரேஸ் பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் பலரும் இந்த இடைவெளியில்தான் கழன்றுகொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம் விட்டுப்போகிறது, ஓட்டுநர்களின் பெயர் மறந்துபோகிறது, பிப்ரவரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

உண்மையில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடையாது. சீசனில் 36 ரேஸ்கள் வாரம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். ஒன்றில் என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் அடுத்த ஊரில், வேறு வகை டிராக்கில் அடுத்த ரேஸ் தொடங்கிவிடும். யாரும் நின்று எதையும் விளக்கமாட்டார்கள். குளிர்காலத்தில் அந்த அவசரம் இல்லை. கீழே உள்ள வரிசைப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கினாலே போதும், பிப்ரவரியில் நீங்கள் பார்க்கும் ரேஸ் போன வருடம் பார்த்தது போலவே இருக்காது.

முதல் வேலை: முடிந்துபோன கடைசி ரேஸை மறுபடி பாருங்கள்

முடிவு தெரிந்த ரேஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். யார் ஜெயிப்பார் என்ற படபடப்பு இல்லாதபோதுதான் எப்படி ஜெயித்தார் என்பது கண்ணில் படும்.

2025 நவம்பர் 2, ஃபீனிக்ஸ் டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் பட்டத்துக்குப் போட்டி. நால்வரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவர் சாம்பியன் என்பது அப்போதைய விதி. டென்னி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னணியில் ஓட்டினார். இருபது சீசன் ஓட்டியும் ஒரு பட்டம்கூட வாங்காதவர் அவர். இன்னும் மூன்றே சுற்று இருக்கும்போது வில்லியம் பைரனின் டயர் போய், கார் சுவரில் மோதி, எல்லோரும் வேகத்தைக் குறைக்க வேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. முன்னணி கார்கள் டயர் மாற்ற நிற்கும் இடமான பிட்டுக்குள் வந்தன. ஹாம்லினின் குழு நான்கு டயரையும் மாற்றியது. கைல் லார்சனின் குழு இரண்டு மட்டுமே மாற்றியது. இரண்டு டயருக்கு நேரம் குறைவு, அதனால் லார்சன் ஹாம்லினுக்கு முன்னால் வெளியே வந்தார். மிச்சமிருந்த இரண்டு சுற்றில் அந்த இடைவெளியை ஹாம்லினால் அடைக்க முடியவில்லை. ரேஸை வென்றது ரையன் பிளேனி. லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. அன்று ஒரு சுற்றுகூட முன்னணியில் இல்லாத லார்சன் சாம்பியன் ஆனார்.

நேரலையில் பார்த்தவர்களுக்கு இது ஒரு பெரிய அதிர்ச்சி, அவ்வளவுதான். மறுபடி பார்க்கும்போது கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிட் நிறுத்தத்திலும் மூன்றே மூன்று விஷயம் குறித்தால் போதும்: எந்தச் சுற்றில் உள்ளே வந்தார், எத்தனை டயர் மாற்றினார், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எத்தனையாவது இடம். முதலில் கடைசி நாற்பது சுற்று, அப்புறம் வேண்டுமானால் முழு ரேஸ். ஸ்டாக் கார் ரேஸின் பாதி இந்த மூன்று எண்களுக்குள் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் காருக்குப் பின்னால் கார் சுற்றுவதை மட்டும் பார்த்துச் சலித்துப் போவதற்குக் காரணம், பிட் ரோட்டில் நடப்பதைக் கவனிக்காததுதான்.

ஒரு ஓட்டுநரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நாற்பது கார் ஓடும் ரேஸை நாற்பதையும் பார்த்து ரசிக்க முடியாது. ஒருவரை உங்கள் ஆளாக எடுத்துக்கொண்டே ஆகவேண்டும். ஜெயிப்பவரைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டாம் இடத்துக்கும் பதினெட்டாம் இடத்துக்கும் நடுவில் போராடும் ஓட்டுநரைத் தொடர்ந்தால் ரேஸின் உள்விவகாரம் இன்னும் நன்றாகப் புரியும் என்பது என் அபிப்பிராயம். முன்னால் இருப்பவருக்குக் காற்றும் பாதையும் திறந்து கிடக்கும். நடுவில் இருப்பவர்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது முடிவு எடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்ததும் ரேசிங் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தில் அவர் பக்கத்தைத் திறந்து, போன சீசனின் 36 ரேஸையும் வரிசையாகப் பாருங்கள். எந்த வகை டிராக்கில் முன்னால் முடிக்கிறார்? மார்ட்டின்ஸ்வில், பிரிஸ்டல் போன்ற அரை மைல் டிராக்குகளிலா, சார்லட் போன்ற ஒன்றரை மைலிலா, டேடோனா, டால்லடேகா போன்ற பெரியவற்றிலா, இடமும் வலமும் திரும்பும் ரோடு கோர்ஸ்களிலா? ஒரு மாலை நேரத்தில் இது தெரிந்துவிடும். அடுத்த சீசன் அட்டவணையை எடுத்து, அவருக்குச் சாதகமான ரேஸ்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கார் எண்ணையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இங்கே எண்ணுக்கு உள்ள மரியாதை தனி. 43 என்றால் ரிச்சர்ட் பெட்டி, 3 என்றால் டேல் ஏர்ன்ஹார்ட், 24 என்றால் ஜெஃப் கார்டன், 48 என்றால் ஜிம்மி ஜான்சன். பெட்டி, ஏர்ன்ஹார்ட், ஜான்சன் மூவரும் ஆளுக்கு ஏழு பட்டம் வாங்கியவர்கள். ஏர்ன்ஹார்ட் இறந்த பிறகு 3ஆம் எண் கார் நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் சீரிஸில் மறுபடி ஓடியது 2014இல்தான்.

டிசம்பர்: பழைய ரேஸ்கள், ஆனால் ஒரு வரிசையில்

நாஸ்காரின் அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் பழைய ரேஸ்கள் முழுதாகவே கிடைக்கின்றன. கண்டதையும் பார்த்தால் தலை சுற்றும். நான் சொல்லும் வரிசை இது.

1979 டேடோனா 500இல் தொடங்குங்கள். 500 மைல் ரேஸ் ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை நேரலையில் போனது அதுதான் முதல் தடவை. அன்று கிழக்குக் கடற்கரை முழுக்கப் பனிப்புயல், ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். கடைசிச் சுற்றில் முதலிடத்துக்கு மோதிக்கொண்ட கேல் யார்பரோவும் டானி அலிசனும் சேர்ந்தே சுவரில் முட்டி நிற்க, வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்துவிட்டார். அப்புறம் புல்தரையில் கைகலப்பு, டானியின் அண்ணன் பாபியும் அதில் சேர்ந்துகொண்டார். ஸ்டாக் கார் தென்மாநிலங்களின் விளையாட்டாக மட்டும் இருந்தது மாறத் தொடங்கியது அன்றுதான் என்பார்கள்.

அடுத்தது 1992 நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த சீசன் இறுதி ரேஸ். ஒரே ஒரு பழைய ரேஸ் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். ரிச்சர்ட் பெட்டியின் கடைசி ரேஸும் ஜெஃப் கார்டனின் முதல் ரேஸும் இதுதான். ஆறு பேருக்குப் பட்டம் கிடைக்க வழி இருந்தது. புள்ளியில் முன்னால் இருந்த டேவி அலிசன், எதிரே சுழன்ற எர்னி அர்வனின் காரில் மோதி வெளியேற, ஆலன் குல்விக்கியும் பில் எலியட்டும் மட்டும் எஞ்சினார்கள்.

குல்விக்கி விஸ்கான்சின்காரர், இன்ஜினியரிங் படித்தவர், சொந்தக் குழு நடத்தியவர். பெரிய குழுக்கள் அழைத்தும் போகவில்லை. ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் பம்பரில் இருந்த பெயரில் முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு ‘அண்டர்பேர்டு’ என்று ஓட்டினார், தான் ஒரு ‘அண்டர்டாக்’, அதாவது இளைத்தவன் என்பதற்காக. அன்று முதல் கியர் வேறு போய்விட்டது. ஒவ்வொரு தடவை பிட்டை விட்டுக் கிளம்பும்போதும் குழு ஆட்கள் காரைத் தள்ளிவிடுவதைக் கவனியுங்கள்.

அந்தக் காலப் புள்ளிக் கணக்கில், அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தவருக்குக் கூடுதலாக 5 புள்ளி. குல்விக்கியின் கிரூ சீஃப், அதாவது ரேஸ் உத்தியை முடிவு செய்யும் குழுத் தலைவர், பால் ஆண்ட்ரூஸும் குழுவும் ரேஸ் ஓடும்போதே கையால் கணக்குப் போட்டு, எத்தனை சுற்று முன்னால் இருந்தால் அந்த 5 புள்ளி உறுதி என்று கண்டுபிடித்து, அதுவரை அவரைப் பிட்டுக்குக் கூப்பிடாமல் ஓடவிட்டார்கள். ரேஸை எலியட் ஜெயித்தார். குல்விக்கி இரண்டாவது. முன்னணிச் சுற்றுக் கணக்கு: குல்விக்கி 103, எலியட் 102. பட்டம் குல்விக்கிக்கு, 10 புள்ளி வித்தியாசத்தில். அந்த ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால் ஒருவருக்கு 5 குறைந்து இன்னொருவருக்கு 5 கூடி இருவரும் சமமாகியிருப்பார்கள், அந்த சீசனில் அதிக ரேஸ் ஜெயித்தவர் என்ற கணக்கில் பட்டம் எலியட்டுக்குப் போயிருக்கும். 328 சுற்று ரேஸை ஒரு சுற்று தீர்மானித்தது. அடுத்த ஏப்ரல் 1ஆம் தேதி விமான விபத்தில் குல்விக்கி இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கடைசிச் சுற்றுகளைப் பார்ப்பது வேறு அனுபவம்.

1998, 2001 டேடோனா 500 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1998இல் டேல் ஏர்ன்ஹார்ட் இருபதாவது முயற்சியில் அந்த ரேஸை வென்றபோது, மற்ற குழுக்களின் ஆட்கள் எல்லாம் பிட் ரோட்டில் வரிசையாக வந்து நின்று கை கொடுத்தார்கள். 2001இல் அதே ரேஸின் கடைசிச் சுற்றில் அவர் இறந்தார். அந்த வருட அக்டோபரில் தலை, கழுத்துப் பாதுகாப்புப் பட்டையை நாஸ்கார் கட்டாயமாக்கியது. சுவர்களுக்கு மோதலை உள்வாங்கும் தடுப்புகள் வந்தது அதற்கப்புறம்தான். இன்று தலைகீழாக உருண்ட காரிலிருந்து ஓட்டுநர் நடந்து வருவதைப் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

கடைசியாக 2022 மார்ட்டின்ஸ்வில், அக்டோபர் 30. பட்டத்துக்கு மோதும் கடைசி நால்வரில் ஒருவராக ராஸ் சாஸ்டெயினுக்கு இன்னும் இரண்டு இடம் வேண்டும், மிச்சம் இருப்பது ஒரே சுற்று. கடைசி இரண்டு வளைவில் ஐந்தாம் கியரைப் போட்டு, காலை எடுக்காமல், காரைச் சுவரோடு உரசவிட்டு ஐந்து கார்களைத் தாண்டினார். அந்தச் சுற்றின் நேரம் 18.845 விநாடி. பிரேக் போட்டு ஓட்டிய எல்லோரையும்விட வேகம். சின்ன வயதில் தம்பியோடு ஆடிய வீடியோ கேமில் செய்து பார்த்தது என்று பிறகு சொன்னார்.

நெருக்கமான முடிவுகள் பிடிக்கும் என்றால் இன்னும் இரண்டு. 2003 டார்லிங்டனில் ரிக்கி கிரேவன், கர்ட் புஷ்ஷை 0.002 விநாடியில் முந்தினார். 2024 கான்சஸில் லார்சன், கிறிஸ் பியூஷரை 0.001 விநாடியில் முந்தினார்.

ரேடியோ கேட்கப் பழகுங்கள்

அமெரிக்க ரசிகர்கள் டிராக்குக்குக் காதில் ஹெட்செட்டும் இடுப்பில் ஸ்கேனருமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநரும் குழுவும் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இந்த விளையாட்டின் பெரிய அதிர்ஷ்டம் அது. ரேஸ் முடிந்த பிறகு அந்த உரையாடல்களைத் தொகுத்த வீடியோக்கள் நிறைய வருகின்றன. உங்கள் ஓட்டுநருடையதைத் தேடி எடுத்துக் கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. நாலைந்து சொல் தெரிந்தால் கதவு திறந்துவிடும்.

‘டைட்’ என்றால் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாமல் கார் சுவரை நோக்கி நழுவுகிறது. ‘லூஸ்’ என்றால் பின்பக்கம் பிடி விட்டு வெளியே வீசுகிறது. ஓட்டுநர் ரேஸ் முழுவதும் புகார் செய்வது இந்த இரண்டைப் பற்றித்தான். பெரும்பாலும் வளைவுக்குள் நுழையும்போது ஒன்று, நடுவில் ஒன்று, வெளியேறும்போது ஒன்று என்று பிரித்துச் சொல்வார்.

அதைக் கேட்டு கிரூ சீஃப் என்ன செய்கிறார்? டயரில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். அல்லது ‘ஒரு ரவுண்டு வெட்ஜ்’ என்பார். பிட்டில் கார் நிற்கும்போது ஒருவர் நீளமான ரெஞ்ச் ஒன்றைப் பின்கண்ணாடியில் உள்ள துளைக்குள் விட்டுத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். காரின் எடை நான்கு சக்கரத்திலும் குறுக்காக எப்படிப் பிரிகிறது என்பதை அந்தத் திருகல் மாற்றும். அரைத் திருகு கூடக் குறைய ஆனால் டைட்டான கார் லூஸாகிவிடும். அடுத்த இருபது சுற்றில் அந்த ஓட்டுநர் முன்னேறுகிறாரா பின்தங்குகிறாரா என்று பாருங்கள், திருகியது சரியா தவறா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது குரல் ஸ்பாட்டருடையது. பார்வையாளர் மாடத்தின் கூரை மேல் நின்றுகொண்டு ‘உள்ளே ஒருத்தன்’, ‘வெளியே ஒருத்தன்’, ‘க்ளியர்’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். ஹெல்மெட்டும் தலைப்பட்டையும் இறுக்கிய ஓட்டுநரால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது. 180 மைல் வேகத்தில் அவர் இன்னொருவரின் கண்ணை நம்பித்தான் வண்டியை நகர்த்துகிறார்.

குளிர்காலத்திலும் ரேஸ் உண்டு

கப் சீரிஸ் ஓய்வெடுக்கும்போது அதே ஓட்டுநர்கள் வேறு வண்டிகளில் ஓட்டப் போய்விடுகிறார்கள். மூன்று நிகழ்ச்சிகளைக் குறித்து வையுங்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள ஃபைவ் ஃப்ளாக்ஸ் ஸ்பீட்வேயில் ஸ்னோபால் டெர்பி. 1968இலிருந்து நடக்கிறது. அரை மைல் டிராக்கில் சூப்பர் லேட் மாடல் என்ற வகை ஸ்டாக் கார்கள். உள்ளூர் டிராக்குகளில் வளரும் பையன்கள், கைல் புஷ், சேஸ் எலியட் போன்ற கப் ஓட்டுநர்களோடு மோதும் இடம். கொடி விழுந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ரேஸுக்குப் பிந்தைய சோதனை இங்கே மகா கண்டிப்பு, சோதனைக் கூடத்துக்கே ‘அழிவு அறை’ என்று பட்டப்பெயர். 2013இல் முதலில் முடித்த சேஸ் எலியட்டின் காரில் தடை செய்யப்பட்ட டங்ஸ்டன் எடை இருந்ததால் அவரைத் தகுதி நீக்கி, எரிக் ஜோன்ஸுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

ஜனவரி நடுவில் ஓக்லஹோமாவின் டல்சாவில் சில்லி பவுல். கூரைக்குள், கால் மைல் களிமண் டிராக்கில், மிட்ஜெட் எனப்படும் குட்டிக் கார்கள் வாரம் முழுக்க ஓடும். முந்நூறுக்கு மேல் கார்கள் பதிவாகும். சனிக்கிழமை எழுத்து வரிசையில் கீழ்ப்பிரிவு ரேஸ்களில் தொடங்கி, முன்னால் முடிக்கும் சிலர் மட்டும் அடுத்த பிரிவுக்கு ஏறி, இரவில் ஏ பிரிவு இறுதி. 2017, 2018, 2019இல் கிறிஸ்டோபர் பெல், 2020, 2021, 2025இல் கைல் லார்சன். இவர்கள் கப் காரில் பின்சக்கரம் வழுக்கும்போது ஏன் பதறுவதில்லை என்பது சில்லி பவுல் பார்த்தால் விளங்கும்.

ஜனவரி கடைசியில் டேடோனாவில் 24 மணி நேர ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ். ஓவல் எனப்படும் நீள்வட்ட டிராக்கின் ஒரு பகுதியும் உள்வட்டச் சாலையும் சேர்ந்த 3.56 மைல் பாதை. ஸ்டாக் கார் இல்லை என்றாலும் பாருங்கள். லார்சனும் ஜேமி மெக்மரியும் 2015இலும், ஜெஃப் கார்டன் 2017இலும் வென்ற குழுவில் இருந்தவர்கள். முழுதாகப் பார்க்கத் தேவையில்லை. முதல் ஒரு மணி, அப்புறம் கடைசி இரண்டு மணி.

ஜனவரியில் செய்திகளைக் கவனமாகப் படியுங்கள்

நவம்பர், டிசம்பரில் வரும் ‘யார் எந்தக் குழுவுக்கு மாறுகிறார்’ வதந்திகளுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம் என்பேன். குழு அறிவித்த பிறகு தெரிந்துகொண்டால் போதும். ஜனவரி விஷயம் வேறு. நாஸ்கார் தன் விளையாட்டின் விதிகளையே மாற்றுவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். 2004 ஜனவரியில், கடைசிப் பத்து ரேஸை மட்டும் வைத்துப் பட்டத்தைத் தீர்மானிக்கும் ‘சேஸ்’ முறை அறிவிக்கப்பட்டது. 2014 ஜனவரியில் அது, மூன்று ரேஸுக்கு ஒரு தடவை நான்கு பேரை வெளியேற்றி, கடைசி ஒரே ரேஸில் நால்வரை மோதவிடும் முறையாக மாறியது. ரேஸை மூன்று ‘ஸ்டேஜ்’களாகப் பிரித்து நடுவிலும் புள்ளி கொடுக்கும் ஏற்பாடு 2017 ஜனவரியில் வந்தது. சாஸ்டெயின் சுவரை உரசி ஓட்டிய முறைக்கு இனிமேல் தண்டனை உண்டு என்று சொன்னது 2023 ஜனவரியில். ஒரே ரேஸில் பட்டம் போவதைப் பற்றி நெடுநாளாக இருந்த அதிருப்தி ஹாம்லின் தோற்ற விதத்தில் இன்னும் கூடியது, 2026 ஜனவரியில் அந்த முறையையே எடுத்துவிட்டு, 16 பேர், 10 ரேஸ், இடையில் யாரையும் வெளியேற்றாத சேஸ் முறைக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். என் பார்வையில் இது சரியான முடிவு. ஒரு சீசனை இரண்டு சுற்றில் தொலைக்கும்படி யாரையும் வைக்கக் கூடாது.

புது விதி ஒவ்வொன்றையும் படிக்கும்போது, போன சீசனில் எந்தச் சம்பவத்துக்கு இது பதில் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைக்கும்.

வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்

ஐரேசிங் என்ற சிமுலேட்டர் 2008இலிருந்து இருக்கிறது. டிராக்குகளை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளம் வரை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். மாதச் சந்தா கட்ட வேண்டும், ஸ்டீயரிங்கும் பெடலும் வேண்டும். விலை உயர்ந்தவற்றை எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம், பழைய செட் ஒன்று கைமாற்றாகக் கிடைத்தால் அதுவே போதும். வில்லியம் பைரன் கார் ஓட்டக் கற்றதே பெரும்பாலும் இதில்தான்.

ஆன்லைன் ரேஸில் குதிக்காமல், முதலில் மார்ட்டின்ஸ்வில்லில் தனியாக ஓட்டுங்கள். ஒரு வேகமான சுற்று போடுவது சுலபம். இருபது சுற்று ஓட்டி, ஒவ்வொன்றையும் அதே நேரக் கணக்கில் முடித்துப் பாருங்கள், வளைவுக்குள் கொஞ்சம் தாமதமாகப் பிரேக் அடித்தால் வெளியேறும்போது எவ்வளவு இழக்கிறோம் என்பது உங்கள் காலுக்கே தெரியும். அதற்கப்புறம் ரேடியோவில் ‘நடுவில் டைட்’ என்று கேட்டால் உடம்பிலேயே உறைக்கும்.

இதில் ஒரு அருமையான கதை உண்டு. வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ டிராக் 1996இல் கப் ரேஸ்களை இழந்து பாழடைந்து கிடந்தது. 2019 டிசம்பரில், சீசன் இல்லாத நேரத்தில், டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர் தன்னார்வலர்களைக் கூட்டிப் போய் டிராக்கில் முளைத்திருந்த களையைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார். அழியும் முன் ஐரேசிங்குக்காக அளந்து வைத்துவிடலாம் என்பதுதான் நோக்கம். திரையில் அந்த டிராக் உயிர்பெற்றதும் ஜனங்களின் ஆசை கிளம்பியது. 2023இல் நாஸ்காரின் ஆல் ஸ்டார் ரேஸே அங்கே நடந்தது.

சார்லட் பக்கம் போக வாய்ப்பிருந்தால்

வட கரோலினாவில் இருப்பவர்களும், அங்கே உறவினர் வீட்டுக்கு வருபவர்களும் இந்த மாதங்களை விடக் கூடாது. கப் குழுக்களில் பெரும்பாலானவை சார்லட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஹென்ட்ரிக் கான்கார்டில், ஜோ கிப்ஸ் ஹன்டர்ஸ்வில்லில், பென்ஸ்கி மூர்ஸ்வில்லில். சில குழுக்களின் பட்டறையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கலாம். வார நாளில் போங்கள், போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் பல இடங்கள் மூடியிருக்கும்.

சார்லட் நகரிலேயே நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது, 2010இல் திறந்தது. அதில் ‘குளோரி ரோடு’ என்ற சரிவுப் பாதையை நின்று பாருங்கள். 18 கார்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பாதை சமதளத்தில் தொடங்கி, போகப்போகச் சாய்ந்து, கடைசியில் டால்லடேகாவின் 33 டிகிரி சாய்வுக்கு வந்துவிடும். டிவியில் தட்டையாகத் தெரியும் டிராக் உண்மையில் எவ்வளவு செங்குத்து என்பதை அங்கே நின்றால்தான் நம்புவீர்கள்.

குழந்தைகள் இருந்தால் நவம்பர் கடைசியிலிருந்து சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயிலும், டென்னஸியின் பிரிஸ்டலிலும் விளக்கு அலங்காரம். உங்கள் சொந்தக் காரிலேயே டிராக் வளாகத்துக்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு

சீசன் முடிவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ விருது கொடுப்பார்கள். கப் சீரிஸில் 2003 முதல் 2017 வரை தொடர்ந்து பதினைந்து தடவை வாங்கியவர் ஏர்ன்ஹார்ட் ஜூனியர். 2010இல் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத் தொடரான டிரக் சீரிஸில் அந்த விருது நரேன் கார்த்திகேயனுக்குப் போனது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், அந்த வருடம் மார்ட்டின்ஸ்வில்லில் டிரக் ஓட்டி நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியரும் ஆனார். ஓவல் பழக்கமே இல்லாதவர் முதல் ரேஸில் 13ஆவது வந்தார். சீசன் முழுவதும்கூட அவர் ஓட்டவில்லை, ஆனாலும் இந்தியாவிலிருந்து ஓட்டுகள் குவிந்தன. அந்த ரேஸ்களின் துணுக்குகளைத் தேடிப் பாருங்கள். அடுத்த சீசன் முடிவில் உங்கள் ஆளுக்கு நீங்களும் ஓட்டுப் போடுங்கள்.

சேகரிப்பில் ஆசை இருந்தால், 1:64 அளவு டை காஸ்ட் (உலோக வார்ப்பு) பொம்மைக் கார் ஒன்றில் தொடங்கலாம். விலை குறைவு, மேசை மேல் இடமும் அடைக்காது.

பிப்ரவரி: டேடோனா வாரத்துக்குத் தயாராவது

புள்ளி இல்லாத காட்சி ரேஸான ‘கிளாஷ்’ முதலில் வரும். 2025இல் அது வின்ஸ்டன் சேலத்தில் உள்ள போமன் கிரே அரங்கில் நடந்தது. கால்பந்து மைதானத்தைச் சுற்றிய கால் மைல் டிராக், கப் கார்கள் அங்கே ஓடியது 1971க்குப் பிறகு அப்போதுதான். கார்கள் உரசிக்கொள்வதைப் பார்க்க நன்றாக இருக்கும். அதை வைத்து சீசனைக் கணிக்காதீர்கள்.

டேடோனா வாரத்தில் புது ரசிகர்கள் தவறவிடுவது வியாழக்கிழமை நடக்கும் இரண்டு ‘டூயல்’ ரேஸ்கள். 36 கார்களுக்கு சார்ட்டர் என்ற நிரந்தர இடம் உண்டு. மிச்சமிருக்கும் நாலைந்து இடத்துக்குச் சின்னக் குழுக்கள் வந்து முட்டிமோதும். உள்ளே நுழைந்தால் வருடத்தின் பெரிய ரேஸ், இல்லையென்றால் அன்றிரவே லாரியில் காரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு. பதினைந்தாம் இடத்தில் இருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவில் வருடத்தின் மிகக் கடுமையான சண்டை நடந்துகொண்டிருக்கும். எந்தக் கார்கள் சார்ட்டர் இல்லாதவை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஞாயிறு ரேஸ் 200 சுற்று, 2.5 மைல் டிராக், வளைவுகளில் 31 டிகிரி சாய்வு. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் சைக்கிள்காரருக்குக் காற்று இழுப்பது போலத்தான் இங்கே டிராஃப்ட். தனியாக ஓடும் காரைவிட ஒட்டி ஓடும் இரண்டு கார் வேகம். அதனால் ஒருவர் வரிசையை விட்டு விலகும்போது அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் முன்னேறுவார், வராவிட்டால் அடுத்த வளைவுக்குள் பதினைந்து இடம் பின்னால் போவார். யார் யாரோடு ஒரே கம்பெனிக் காரில் ஓட்டுகிறார் என்பது அன்று மிகவும் முக்கியம். ஃபோர்டு, ஷெவர்லே, டொயோட்டா என்று மூன்று பட்டியல் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பிட்டுக்குப் போகும்போதும் அவரவர் கூட்டத்தோடுதான் போவார்கள்.

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரக்கணக்கு: அப்போது அமெரிக்கக் கிழக்கு நேரத்துக்கும் நமக்கும் பத்தரை மணி வித்தியாசம். அங்கே மதியம் இரண்டரைக்குத் தொடங்கினால் நமக்குத் திங்கள் அதிகாலை ஒரு மணி. மழை வரும் போலிருந்தால் ரேஸைக் கொஞ்சம் முன்னதாகவே தொடங்குவதும் உண்டு, அதனால் சனிக்கிழமை இரவே ஒரு தடவை நேரத்தைச் சரிபாருங்கள். முழு இரவும் விழிக்க முடியாதவர்கள் நாலு மணி வாக்கில் எழுந்தால் கடைசிப் பகுதி கிடைத்துவிடும். உங்கள் ஓட்டுநர் அதற்குள் விபத்தில் சிக்கி வெளியேறியிருந்தால், அவர் கம்பெனிப் பட்டியலில் அடுத்து இருப்பவரின் ரேடியோவுக்கு மாறிக்கொண்டு மிச்ச ரேஸைப் பாருங்கள்.